கஞ்சாச் செடிக்குத் திரை போட்ட கதை

இந்தக் கதையில் குருவை விடச் சீடருக்கு வயது கூட. அதனால் குரு சீடரை அக்கா என்பார். சீடர் குருவைத் தம்பி என்பார். காடு, மலை, ஆசிரமம் ஒன்றும் கிடையாது. எல்லாம் கனடாவில், ஸ்காபறோவில் நடந்தது.

குருவின் பெயர் குகநேசன். தாடி இல்லை, காவி இல்லை. ஊரில் இருந்தபோது ஒரு பிள்ளையார் கோயிலில் பூமாலை கட்டினார். இங்கே வந்த பிறகு, அரசாங்க அனுமதியோடு கஞ்சா வளர்க்கிற பெரிய கண்ணாடிக்கூடம் ஒன்றில் வேலை. சனம் இரண்டையும் சேர்த்து வைத்துச் சிரிக்கும். "எனக்கென்ன, அங்கையும் பூ, இஞ்சையும் பூ" என்று அவரும் சிரிப்பார். நான் அவரைக் குரு என்று எழுதுவது தெரிந்தால், "உமக்கென்ன விசரே?" என்று கேட்பார். கேட்ட கேள்விக்கு ஒருநாளும் நேராகப் பதில் சொல்லாத மனிதரை வேறு எப்படிச் சொல்வது?

சீடரின் பெயர் யோகமலர். பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கணவர் திருஞானத்துக்குக் குடலில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிறார்கள். மருந்து நோயைத் தின்றதோ இல்லையோ, அவருடைய பசியைத் தின்றுவிட்டது. டொக்டர் யோகமலரிடம் ஒளிக்காமல் சொன்னார். இன்னும் நிறை குறைந்தால் அடுத்த மருந்து ஏற்ற முடியாது, உடம்பு தாங்காது.

தின்றதை வெளியே தள்ளுகிற சத்தியை நிற்பாட்ட விழுங்கும் குளிசை கொடுத்தார். பசி எடுக்கக் கஞ்சா எண்ணெயும் எழுதிக் கொடுத்தார். குளிசை வேலை செய்தது. எண்ணெயைத் திருஞானம் ஒருமுறை மோந்து பார்த்தார்.

"மண்ணெண்ணெய் மணக்குது. எனக்கு வேண்டாம்."

"மருந்தெல்லோ?"

"மருந்தெண்டால் எங்கடை ஊரிலை நாட்டு வைத்தியம் பாத்த பரியாரியார் கிண்டின லேகியம். வளவுக்குள்ளை நிண்ட செடியிலை செய்தது. அதைக் கொண்டுவாரும், தின்னுறன்."

அவர் தட்டிக் கழிக்கச் சொன்ன சாட்டு அது. யோகமலர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார். வீட்டில் நாலு செடி வரைக்கும் வளர்க்கச் சட்டம் விடுகிறது. டொக்டரிடம் கேட்டார். அளவைத் தான் சொல்லித் தருவதாக அவரும் தலையாட்டினார். அன்றைக்கே யோகமலர் குகநேசன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தம்பி, எனக்குக் கஞ்சா வளர்க்கச் சொல்லித் தாருங்கோ."

"ஆருக்கு அக்கா?"

"இவருக்கு."

"இதுக்கு முன்னம் என்ன வளர்த்தனீங்கள்?"

"மூண்டு பிள்ளையள்."

"செடி?"

"ஒரு கறிவேப்பிலை வைச்சனான். பட்டுப்போச்சு."

"ஏன் பட்டது?"

"தெரியாது தம்பி. நான் அதுக்கு ஒரு குறையும் வைக்கேல்லை."

குகநேசன் சிரிக்கவில்லை. "அது சரி" என்று மட்டும் சொன்னார்.

யோகமலர் வீட்டு நிலக்கீழ் அறையில், பழைய அலுமாரி நின்ற மூலையில், ஒரு கறுப்புத் துணிக் கூடாரம் எழுந்தது. ஆள் உயரம். முன்பக்கம் இழுத்துப் பூட்டுகிற சிப் வைத்த வாசல். உள்ளே ஒரு வெள்ளை லைற், ஒரு சின்ன விசிறி, நேரத்துக்கு லைற்றை ஏற்றி நூர்க்கிற ரைமர். போட்ட விதைகளில் மூன்று முளைத்தன. யோகமலர் மூன்றுக்கும் பெயர் வைக்கப் போனார். மேலே இருந்து திருஞானம் சத்தம் போட்டார்.

"பேர் வைச்சால் பேந்து ஆர் வெட்டுறது?"

பெயர் வைக்கும் எண்ணத்தை யோகமலர் விட்டார். மற்றதெல்லாம் விடவில்லை.

கொஞ்ச நாளில் ஒரு செடியைச் சாடியோடு காரில் ஏற்றி, குளிருக்குப் பழைய சேலையால் போர்த்தி, சீற் பெல்ற்றும் போட்டு, குகநேசன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இலை எல்லாம் தொங்கிப்போய்க் கிடந்தது.

"தம்பி, இதைப் பாருங்கோ. தண்ணி காணாதாக்கும் எண்டு ஊத்தினன். இன்னும் தொங்கிச்சுது. இன்னும் ஊத்தினன்."

குகநேசன் செடியைப் பார்க்கவில்லை. உள்ளே போய், அதே அளவில் காய்ந்த மண் நிரப்பிய, செடியில்லாத சாடி ஒன்றை எடுத்து வந்தார். செடி நின்ற சாடியை யோகமலரின் வலக்கையில் கொடுத்தார், மற்றதை இடக்கையில்.

"எது பாரம்?"

"ஐயோ, இது. கை முறியுது."

"தாகம் எடுத்தவன் இந்தப் பாரம் பாரிப்பானோ?"

"அப்ப ஏன் தொங்குது?"

"வேருக்கு மூச்சுவிட இடமில்லை."

யோகமலர் சாடியைக் கீழே வைத்தார்.

"அப்ப எப்ப ஊத்துறது தம்பி? காலமையோ, பின்னேரமோ? எத்தினை கோப்பை?"

"தூக்கிப் பாருங்கோ. சாடி சொல்லும்."

"சொல்லாட்டி?"

"சொல்லுமட்டும் ஊத்தாதேங்கோ."

காருக்குள் செடியை ஏற்றிவிட்டு, கதவைச் சாத்தும்போது குகநேசன் எல்லாரும் சொல்வதையே சொன்னார்.

"பாத்துக்கொள்ளுங்கோ அக்கா."

அந்த ஒரு சொல்தான் பிறகு வினையாகியது.

தண்ணீர் விஷயத்தில் யோகமலர் தேறிவிட்டார். சாடியைத் தூக்கிப் பார்த்தே ஊற்றினார். செடிகள் மளமளவென்று எழும்பி இடுப்பளவு வந்தன. அதற்குப் பிறகு ரைமரைத் திருப்பி வைக்கச் சொன்னார் குகநேசன். இந்தச் செடிக்கு இரவும் பகலும் சரிபாதியாக வந்தால்தான் பூக்கிற எண்ணமே வரும். இரவில் கரண்ட் மலிவு என்றபடியால் கூடாரத்துக்குள் இரவு பகலாகியது, பகல் இரவாகியது. இனிப் பூக்கும் என்றார் குகநேசன்.

பூக்கவில்லை. கிழமைகள் போயின. இலை வந்தது, கிளை வந்தது, இன்னும் இலை வந்தது. திருஞானத்தின் காற்சட்டைக்கு இடுப்புப் பட்டியில் புதிதாகத் துளை போட வேண்டி வந்தது. யோகமலர் ஒரு மத்தியானம் கோபத்தோடு குகநேசன் வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்ற முன்னமே தொடங்கிவிட்டார்.

"உது பூக்கிற சாதியே இல்லை. விதைக்காரன் ஏமாத்திப்போட்டான்."

"நல்ல விதைதான் அக்கா."

"அப்ப ஏன் பூக்கேல்லை? லைற் நேரத்துக்கு எரியுது. நேரத்துக்கு நூருது. தண்ணி அளவு. நான் ஒண்டும் பிழை விடேல்லை."

"இருட்டு நேரத்திலை ஆரும் உள்ளுக்குப் போறவையோ?"

"ஒருத்தரும் போறேல்லை."

குகநேசன் கதிரையை அவர் பக்கம் தள்ளினார்.

"நான் மட்டும்தான்" என்றார் யோகமலர்.

"என்னத்துக்கு?"

"பாக்கத்தான்."

"இருட்டிலை எப்பிடிப் பாக்கிறது?"

"ஃபோனிலை லைற் இருக்கெல்லோ. சிப்பைக் கொஞ்சம் இறக்கி, அடிச்சுப் பாத்திட்டு உடனே மூடிப்போடுவன்."

"அடிக்கடியோ?"

யோகமலருக்குச் சுள்ளென்று வந்தது.

"நீங்கள்தானே தம்பி பாத்துக்கொள்ளுங்கோ எண்டு சொன்னனீங்கள்? இப்ப என்னைக் குறுக்குக் கேள்வி கேக்கிறியள்!"

"ஓம். பாத்துக்கொள்ளத்தான் சொன்னனான்" என்றார் குகநேசன். "பாக்கச் சொல்லேல்லை."

குகநேசன் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒட்டுகிற கறுப்பு ரேப் ஒரு சுருளும், மாலை கட்டுகிற நூல் கொஞ்சமும் எடுத்தார்.

"வாங்கோ, உங்கடை வீட்டை போவம்."

வீட்டில் திருஞானம் மேசையில் இருந்தார். முன்னால் ஒரு கோப்பை கஞ்சி. அது எப்போதிருந்து அங்கே இருக்கிறதோ, மேலே ஆடை கட்டியிருந்தது.

"இன்னும் குடிக்கேல்லையோ? ஐயோ, நான் போன நேரம் தொட்டு அப்பிடியே கிடக்கே!"

யோகமலர் ஜக்கெற்றையும் கழற்றாமல் ஓடிப்போய் கஞ்சியைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்து, பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். திருஞானம் கரண்டியை எடுத்தார். அவர் வாயைத் திறந்தபோது யோகமலரும் வாயைத் திறந்தார். அவர் விழுங்கியபோது இவருடைய தொண்டையும் ஏறி இறங்கியது.

"இன்னும் ஒரு வாய்."

திருஞானம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் குகநேசனைப் பார்த்தார்.

"வாங்கோ தம்பி. என்ரை சாப்பாட்டைப் பாக்க நீங்களும் வந்தனீங்களோ? இருங்கோ, ரிக்கெற் இல்லை, சும்மா பாக்கலாம்."

"நான் செடியைப் பாக்க வந்தனான் அண்ணை."

"அதுவும் என்னை மாதிரித்தான். தின்னுறேல்லை எண்டு இவவுக்குக் கவலை." அவர் கஞ்சியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "ஒரு துண்டு தேசிக்காய் ஊறுகாயாவது தாரும் எண்டு கேட்டன். எங்கேயோ ஒளிச்சு வைச்சிட்டா."

"வயித்துக்குக் கூடாது" என்றார் யோகமலர். "இன்னும் ஒரு வாய், இஞ்சேருங்கோ. ஒரே ஒரு வாய்."

குகநேசன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் படியிறங்கிக் கீழே போய்விட்டார்.

கீழே கூடாரத்துக்குள் பகல் நேரத்து இரவு. குகநேசன் அறை லைற் எல்லாவற்றையும் போட்டார். ஒரு குட்டி முக்காலியைக் கூடாரத்துக்குள் செடிகளுக்கு நடுவில் வைத்தார். யோகமலர் வந்ததும் அதைக் காட்டினார்.

"உள்ளுக்குப் போய் இருங்கோ."

"நானோ?"

"நீங்கள்தான். ஃபோனை இஞ்சை தாங்கோ."

யோகமலர் குனிந்து உள்ளே போய் இருந்தார். இலைகள் முகத்தில் முட்டின. குகநேசன் வெளியில் நின்று சிப்பை இழுத்து மூடினார்.

"என்ன தெரியுது அக்கா?"

"ஒண்டும் தெரியேல்லை. ஒரே இருட்டு."

"கொஞ்சம் பொறுங்கோ."

கண் பழகப் பழக, யோகமலருக்கு ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது.

"தம்பி! வலப்பக்கம், மேலை, கடுகளவிலை ஒரு வெளிச்சம்."

வெளியிலிருந்து ரேப் கிழிகிற சத்தம் கேட்டது.

"இப்ப?"

"போயிட்டுது. ஆனா கீழை ஒண்டு கிடக்கு. விசிறிக் குழாயடியிலை."

"இப்ப?"

"அதுவும் போயிட்டுது. ஐயோ தம்பி, சிப் நீட்டுக்கு ஒரு கோடு. இவ்வளவு நாளும் இது எனக்குத் தெரியேல்லையே! நான் நல்ல இருட்டு எண்டெல்லோ நினைச்சனான்."

"வெளியிலை நிண்டால் தெரியாது."

கடைசி ஓட்டையும் மூடுப்பட்டது. இப்போது தன் கையை முகத்துக்கு நேரே பிடித்தும் யோகமலருக்குத் தெரியவில்லை. குகநேசன் "இப்ப?" என்று கேட்கவில்லை. மேலே கதிரை நகர்ந்து அரக்குப்படுகிற சத்தம் கேட்டது. திருஞானம் இருமினார். யோகமலர் எழும்பப் பார்த்தார். எந்தப் பக்கம் வாசல் என்று தெரியவில்லை. அப்படியே இருந்துவிட்டார். அவர் அழுதார். வாயில் சேலைத் தலைப்பை வைக்காமல், மூக்கை உறிஞ்சாமல், சத்தமாக, நோய் வந்த நாள் தொட்டு அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வர அழுதார்.

அழுது முடிந்து கனநேரம் போனபிறகு, "தம்பி, திறவுங்கோ" என்றார்.

சிப் இறங்கியது. குகநேசன் முதுகைக் காட்டிக்கொண்டு ரேப் சுருளின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நான் அழுதனான்."

"ஓமோ?"

"உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"கூடாரம் மூடிக் கிடந்தது."

யோகமலர் முகத்தைத் துடைத்தார். "அவருக்கு முன்னாலை அழேலாது. அவருக்குப் பின்னாலையும் அழேலாது, சுவர் எல்லாம் மெல்லிசு." பிறகு செடிகளைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, இதுகள் இருட்டுக்குள்ளை என்ன செய்யும்?"

"தெரியாது அக்கா."

"இவ்வளவு காலம் உதே வேலையாய் நிக்கிறியள், தெரியாதோ?"

"இருட்டிலை நானும் ஒருநாளும் போனதில்லை."

அவர் சிப்பை மறுபடி மூடினார். நூலை எடுத்து, சிப்பின் இரண்டு பிடிகளையும் சேர்த்து, மாலைக்குப் போடுகிற முடிச்சு ஒன்றைப் போட்டார்.

"பெரிய ஓட்டை இதுதான். இந்த முடிச்சை அவிழ்க்கக் கொஞ்ச நேரம் செல்லும்."

"அவசரத்துக்கு?"

"அவசரம் அவிழ்க்கிறதுக்குள்ளை போயிடும்."

யோகமலருக்கு முதல் சில நாள் நரகம். கை தானாகக் கீழே போகும், முடிச்சைப் பிடிக்கும், விடும். லைற் எரிகிற நேரத்தில் மட்டும் அவிழ்த்து, பார்த்து, தண்ணீர் ஊற்றி, திரும்ப முடிந்தார். முடிச்சை அவரே போடப் பழகிக்கொண்டார். மேலே திருஞானத்துக்கு வழமைபோல ஒரு வாய், இன்னும் ஒரு வாய். கீழே பார்க்காமல் மிச்சம் பிடித்ததையும் சேர்த்து மேலே பார்த்தார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அந்த மனுசிக்குக் கண்ணை வைக்க வேறு இடம் இல்லை.

ஒருநாள் காலை, லைற் நூர முன்னம், கணுக்களில் வெள்ளை மயிர் மாதிரி ஏதோ கண்டார். முதலில் பூஞ்சணம் என்று பயந்தார். கிட்டப் போய்ப் பார்த்தார். பூ.

முதல்நாள் கொட்டிய ஸ்நோவுக்குள் காரை எடுத்துக்கொண்டு குகநேசன் வீட்டுக்கு ஓடினார்.

"பூத்திட்டுது தம்பி! மூண்டும் பூத்திட்டுது!"

"நல்லது அக்கா."

"எப்ப வெட்டலாம்?"

"இப்பதானே தொடங்கியிருக்கு. முத்த வேணும். வெட்டினாப் பிறகு காய வேணும். ரெண்டு மாசம் செல்லும்."

யோகமலரின் முகம் விழுந்தது.

"வாற கிழமை ஆஸ்பத்திரியிலை நிறை பாக்கினம்."

குகநேசன் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார்.

"நிறை குறைஞ்சால் மருந்தை நிப்பாட்டிப்போடுவினம். நிப்பாட்டினால் எனக்கு அவர் இல்லை. ஏதாவது போட்டுக் கெதியாய் முத்தப் பண்ணேலாதோ?"

"ஏலாது அக்கா."

"அப்ப அதுவரைக்கும் அவருக்கு நான் என்னத்தைக் குடுக்கிறது? கஞ்சி குடுத்தன். சூப் குடுத்தன். முட்டை, பால், பழம், ஒண்டும் இறங்கேல்லை. இப்ப சத்தியும் இல்லை, ஆனாலும் இறங்கேல்லை. சொல்லுங்கோ தம்பி, என்ன குடுத்தால் அந்த மனுசன் சாப்பிடும்?"

குகநேசன் எழும்பிக் குசினிக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை. குத்தரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, ஒரு பொரித்த மோர்மிளகாய். அதை யோகமலருக்கு முன்னால் வைத்தார். சோற்றுச் சட்டியையும் கறிச் சட்டியையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"நீங்கள் சாப்பிடுங்கோ."

"எனக்கோ? நான் என்ன கேக்கிறன், நீங்கள் என்ன செய்யிறியள்! எனக்குப் பசிக்கேல்லை தம்பி."

"பசிக்காட்டி விடுங்கோ. வாசலிலை ஸ்நோ கிடக்கு. நான் தள்ளிப்போட்டு வாறன்."

அவர் ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு போனார். போகும்போது குசினிக் கதவைச் சாத்தினார். முன்கதவையும் சாத்தினார். வெளியே ஸ்நோ அள்ளுகிற சவள் நிலத்தில் உராய்கிற சத்தம் கேட்டது.

யோகமலர் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். கணவர் மிச்சம் விடுகிற கஞ்சியைத்தான் மாதக்கணக்காக அவர் நின்றபடி குடித்துவந்தார். ஒரு விரலால் பருப்பைத் தொட்டு வாயில் வைத்தார். பிறகு ஒரு பிடி. பிறகு மோர்மிளகாயைக் கடித்தார். அதற்குப் பிறகு அவருக்கு நினைவில்லை. கை குழைத்தது, வாய் தின்றது. சட்டியைத் திறந்து இன்னும் போட்டார். கறி ஒழுகி முழங்கை வரைக்கும் வந்தது. யாரும் பார்க்கவில்லை என்றபடியால் அதை நக்கினார்.

வாசல் மணி அடித்தது.

யோகமலர் திடுக்கிட்டு எழும்பி, கையைக் கழுவி, வாயைத் துடைத்துக்கொண்டு நின்றார். முன்கதவு திறந்தது. குகநேசன் சப்பாத்தை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். வேறு ஒருவரும் இல்லை.

"ஆர் மணி அடிச்சது?"

"நான்தான்."

"உங்கடை வீட்டு மணியை நீங்களே அடிக்கிறியளோ? விசரே தம்பி?"

"கோயில் பழக்கம் அக்கா. மாலை கட்டுறதோடை திரை இழுக்கிற வேலையும் எனக்குத்தான். மணி அடிச்சாப் பிறகுதான் திரையை எடுக்கிறது."

"திரை எப்ப போடுறது?"

"சாமிக்குச் சோறு வைக்கேக்கை."

யோகமலர் மேசையைப் பார்த்தார். கோப்பை வழித்துத் துடைத்த மாதிரிக் கிடந்தது. சோற்றுச் சட்டியில் அடிச்சோறு மட்டும் இருந்தது. ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அன்று மத்தியானம் அவர் கஞ்சி காய்ச்சவில்லை. சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தார். கோப்பையில் கொஞ்சம் போட்டுத் திருஞானத்தின் முன்னால் வைத்தார். சட்டிகளைப் பக்கத்தில் வைத்தார். கதிரையை இழுக்கவில்லை.

"எங்கை போறீர்?" என்றார் திருஞானம்.

"கீழை ஒரு வேலை கிடக்கு."

"சாப்பாடு?"

"உங்கை இருக்கு."

திருஞானம் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். யோகமலர் கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கினார். கீழே லைற் போடவில்லை. கூடாரத்தின் முடிச்சைத் தடவிப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. கடைசிப் படியில் இருந்தார். மேலே ஒரு சத்தமும் இல்லை. மனுசன் தள்ளி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாரோ? தலை சுற்றி விழுந்துவிட்டாரோ? எழும்பினார், இருந்தார், திரும்ப எழும்பினார். பொறுக்க முடியாமல் ஃபோனை எடுத்து, திரையின் வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு குகநேசனை அழைத்தார்.

"தம்பி" என்றார் குரலைத் தாழ்த்தி. "நான் கீழை நிக்கிறன். அவர் மேலை, சாப்பாட்டோடை. ஒரு சத்தமும் இல்லை."

"ம்."

"பொறுங்கோ. இப்ப சட்டி மூடி சத்தம் கேக்குது. மூடியை எடுக்கிறார் போல. ஒருக்கா ஏறிப் பாக்கட்டோ? கதவு இடுக்காலை மட்டும்?"

"மணி அடிச்சதோ அக்கா?"

"இல்லை."

"அப்ப இருங்கோ."

யோகமலர் ஃபோனைக் காதில் வைத்தபடியே படியில் இருந்தார். மேலே ஒரு கரண்டி சட்டியின் அடியைச் சுரண்டியது. பிறகு கதிரை அரக்குப்பட்டது. அலுமாரிக் கதவு ஒன்று திறந்தது, சாத்துப்பட்டது. இன்னொன்று திறந்தது. கால்கள் குசினிக்குள் அங்கும் இங்கும் நடந்தன. பிறகு, பல மாதமாக அந்த வீட்டில் கேளாத கோபத்தோடு, திருஞானத்தின் குரல் படியால் இறங்கி வந்தது.

"இஞ்சேரும்! உந்த ஊறுகாய்ப் போத்தலை எங்கையப்பா ஒளிச்சு வைச்சனீர்?"

யோகமலர் ஃபோனைப் படிப்பக்கம் நீட்டிப் பிடித்துவிட்டு, திரும்பக் காதில் வைத்தார்.

"போங்கோ அக்கா" என்றார் குகநேசன். "மணி கேக்குது."